தனியா இருக்கத் தெரியாத கரண்ட்

2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானல் மலையில் மரங்களைச் சாய்த்தபோது பூம்பாறையில் மாட்டிக்கொண்டேன். புயல் போனபின் வெயில் எட்டிப்பார்த்தது. தங்கியிருந்த வீட்டின் கூரையில் சோலார் பலகைகள்; உள்ளே இருட்டு. "வெயிலடிக்குதே, ஏன் தம்பி கரண்ட் வரல?" என்றார் வீட்டுக்கார அக்கா. இன்ஜினியரிங் படித்த எனக்குப் பதில் தெரியவில்லை.

பிறகுதான் படித்தேன். லைன் போனதும் அந்த வகை இன்வெர்ட்டரும் தானே நின்றுவிடும். நிற்காவிட்டால், கம்பத்தில் ஏறும் லைன்மேனைக் கொன்றுவிடும்.

மின்சாரம் தனித்தனித் தீவுகளாகத்தான் பிறந்தது. 1882இல் எடிசனின் நிலையம் நியூயார்க்கின் சில தெருக்களுக்கே விளக்கேற்றியது. நம் பைக்காரா வந்தது 1932இல். பிறகு எல்லாவற்றையும் கோத்தோம். 2012 ஜூலையில் வட இந்தியா இருண்டபோது தமிழ்நாடு தப்பியது. தென்னக கிரிட் அப்போது வடக்கோடு ஒரே தாளத்தில் ஓடவில்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் வழியாக இணைந்தோம்.

தனித்திருப்பதும் தீர்வல்ல. பீகாரின் தர்ணை கிராமத்தில் 2014இல் 100 கிலோவாட் சோலார் மைக்ரோகிரிட் வந்தது. மலிவான அரசு மின்சாரம் வந்ததும் அது கைவிடப்பட்டது.

இரண்டும் தெரிந்த அமைப்புதான் வேண்டும். ஊர் எல்லையில் ஒரு சுவிட்ச், பேட்டரி, 50 ஹெர்ட்ஸைத் தானே பிடித்துக்கொள்ளும் இன்வெர்ட்டர். லைன் போனால் ஊர் பிரிந்து, மோட்டார்களை நிறுத்தி, விளக்கையும் செல்போன் டவரையும் காக்கும். லைன் வந்ததும் தாளம் பார்த்துச் சேரும்.

அக்காவிடம் இப்போது சொல்வேன்: "பலகை நல்லாத்தான் இருக்குக்கா. தனியா இருக்க அதுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல."