டீசல் காரின் புகைவழி வெப்பநிலை உணரி: வரலாறும் பழுதுநீக்கமும்

புகைவழி வெப்பநிலை உணரி என்பது டீசல் எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வெப்பத்தை அளந்து காரின் கணினிக்குத் தெரிவிக்கும் சிறு கருவியாகும். பட்டறைகளில் இதை ‘எக்ஸாஸ்ட் டெம்பரேச்சர் சென்சார்’ என்பர். இது பழுதானால் செக் இன்ஜின் விளக்கு எரியும். வண்டியின் இழுவையும் குறையலாம். இக்கருவி காருக்குள் ஏன் வந்தது என்று தெரிந்துகொண்டால், பழுதாகும்போது எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பதும் விளங்கும்.

வெப்பத்தை மின்சாரத்தால் அளத்தல்

இரு வேறு உலோகங்களை இணைத்து, இணைப்புகளை வெவ்வேறு வெப்பநிலையில் வைத்தால் அருகிலுள்ள காந்த ஊசி விலகுவதை 1821இல் தாமஸ் சீபெக் கண்டார். இதுவே வெப்ப மின்னிரட்டையின் தொடக்கம். 1880களில் பிரான்சின் லீ சாட்லியர், பிளாட்டினத்தையும் ரோடியம் கலந்த பிளாட்டினத்தையும் கொண்டு உலைகளின் கடும் வெப்பத்தை அளக்கும் மின்னிரட்டையை உருவாக்கினார். வேதிச் சமநிலைப் பாடத்தில் மாணவர்கள் படிக்கும் லீ சாட்லியர் தத்துவமும் இவருடையதே.

மற்றொரு வழியும் இருந்தது. உலோகம் சூடானால் அதன் மின்தடை கூடும். இதற்குப் பிளாட்டினக் கம்பியைப் பயன்படுத்தலாம் என 1871இல் வில்லியம் சீமென்ஸ் முன்மொழிந்தார். அதை நம்பகமான அளவியாக்கும் முறையை ஹியூ காலண்டர் 1887இல் வெளியிட்டார். இன்றைய கார் உணரிகள் பலவற்றின் நுனியில் இருப்பது இந்தப் பிளாட்டினமே. மின்னிரட்டை வகையும், தெர்மிஸ்டர் வகையும் உண்டு.

டீசல் காருக்குள் வந்த காரணம்

பாரிசில் பிறந்த ருடால்ஃப் டீசலின் எஞ்சின் 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றி கண்டது. 1936இல் மெர்சிடிஸ்-பென்ஸ் 260 டி கார் வெளிவந்தது. ஆயினும் நெடுங்காலம் சாதாரணக் கார்களில் புகையின் வெப்பத்தை அளக்கும் தேவை எழவில்லை. அந்தத் தேவையை உண்டாக்கியது கரித்துகள்.

2000ஆம் ஆண்டில் பிரான்சின் பியூஜோ நிறுவனம் தன் 607 காரில் கரித்துகள் வடிகட்டியைப் பொருத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தது. பீங்கான் சுவர்களில் கரி தங்கிவிடும். ஆனால் வடிகட்டி நிரம்பியதும் அதை உள்ளேயே எரித்தாக வேண்டும். கரி தானாக எரியச் சுமார் 600 டிகிரி செல்சியஸ் வேண்டும். நகருக்குள் ஓடும் காரின் புகையில் அவ்வளவு சூடு இராது. எனவே கணினி கூடுதல் டீசலைச் செலுத்திச் சூட்டை ஏற்றுகிறது. சூடு குறைந்தால் கரி எரியாது. மிஞ்சினால் பீங்கான் வெடிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே காவல் நிற்பதுதான் உணரி.

2012 ஜூனில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, டீசல் புகை மனிதர்க்குப் புற்றுநோய் உண்டாக்கும் என வகைப்படுத்தியது.

இந்தியாவில்

பி.எஸ்.4 விதி 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. பி.எஸ்.5ஐத் தாண்டி நேராக பி.எஸ்.6க்குச் செல்வதென 2016 ஜனவரியிலேயே அரசு அறிவித்திருந்தது. அது 2020 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தது. டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு வெளியிடலாகும் துகள் 25 மில்லிகிராமிலிருந்து 4.5 மில்லிகிராமாகக் குறைந்தது. டீசலில் கந்தகம் 50 பி.பி.எம்.மிலிருந்து 10 பி.பி.எம்.மாக இறங்கியது. இதனால் வடிகட்டியும் அதன் உணரிகளும் நம் ஊர் டீசல் கார்களிலும் இயல்பாகிவிட்டன.

பழுதைக் கண்டறிதல்

ஸ்கேனரில் பி 0544, பி 2031 போன்ற குறியீடுகள் வந்தால் அவை உணரியின் மின்சுற்றைக் குறிக்கும். உணரியே கெட்டது என்று பொருளல்ல. கம்பி புகைக்குழாயில் பட்டுக் கருகியிருக்கலாம். கனெக்டரில் துரு ஏறியிருக்கலாம். புதுச்சேரியின் உப்பளம் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றால் இது எளிதில் நேரும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியவை இவையே.

இரவெல்லாம் நின்ற காரில், காலையில் எஞ்சினை இயக்காமல் ஸ்கேனரில் எல்லா வெப்ப அளவுகளையும் பார்க்க வேண்டும். குளிர்நீர், உள்ளிழுக்கும் காற்று, புகைவழி ஆகிய மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் பெரிதும் விலகினால் ஐயம் அதன் மீதே. அடுத்து கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரில் மின்தடையை அளக்கலாம். 0 டிகிரியில் 200 ஓம் உள்ள பிளாட்டின வகை, 30 டிகிரியில் சுமார் 223 ஓம் காட்டும். 600 டிகிரியில் 600 ஓமைத் தாண்டும். அளவே வராவிட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கும். பிற வகைகளின் எண்கள் வேறு என்பதால் காரின் பணிமனைக் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

மாற்றுதல்

எஞ்சின் நன்றாக ஆறிய பின்னரே கை வைக்க வேண்டும். மரையில் துரு இளக்கி எண்ணெய் விட்டு ஊறவிட்டு, கம்பி நுழையப் பக்கவாட்டில் வெட்டுள்ள சாக்கெட்டால் கழற்ற வேண்டும். ஒரே காரில் பல உணரிகள் இருக்கும். எந்த இடத்துக்கு உரியதோ அதையே வாங்க வேண்டும். மரையில் மட்டும் இறுகல் தடுப்புப் பசை தடவலாம். நுனியில் படக் கூடாது. கையேடு சொல்லும் அளவுக்கே முடுக்கி, குறியீட்டை அழித்து, மீண்டும் அளவைச் சரிபார்க்க வேண்டும். உணரி கெட்டிருந்த நாட்களில் கரி எரியாமல் சேர்ந்திருக்கும். அதை ஸ்கேனர் வழியாக எரிக்க வேண்டியிருக்கலாம்.

குறுக்கு வழி

செலவுக்கு அஞ்சிச் சிலர் உணரிக்குப் பதில் ஒரு மின்தடையைச் செருகுகின்றனர். சிலர் வடிகட்டியையே குடைந்தெடுக்கின்றனர். நிலையான மின்தடை, புகை எவ்வளவு கொதித்தாலும் ஒரே எண்ணையே கணினிக்குச் சொல்லும். வடிகட்டியை எடுத்தால் விளக்கு அணையலாம். கரி தெருவுக்கு வரும். தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் தடுக்கிறது. பழுதான உணரியை மாற்றுவது ஒருவரின் காரைக் காக்கும்; வடிகட்டியைக் காப்பது அந்தத் தெருவில் நடந்து பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளின் மூச்சையும் காக்கும்.