கல்வராயன் மலையும் சுதந்திரமும்

நமது சங்கத்து அன்பர் பலர், முன்னோர் பெற்ற பட்டயங்களையும் விருதுகளையும் குறித்து எழுதுமாறு எம்மைக் கேட்பதுண்டு. ஆதலின் இத்திங்கள் ஓர் ஆட்சியுரிமையின் வரலாற்றையே எழுதத் துணிந்தோம். ஆயின், அதனைப் பெற்றோர் பக்கம் நின்று அன்று. அதன்கீழ் வாழ்ந்தோர் பக்கம் நின்றே எழுதுகின்றோம்.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே தோன்றும் கல்வராயன் மலை, சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்னும் பெயர்களால் மூன்று ஜாகீர்களாகப் பகுக்கப்பட்டிருந்தது. விஜயநகர வேந்தர் கிருஷ்ணதேவராயர் அளித்த உரிமை அஃது என்பது வழிவழி வழங்கும் செய்தி. ஆங்கிலேயர் சமவெளியில் ரயத்துவாரி முறையால் நேரே வரி தண்டிய காலத்தும், மலையில் வரி தண்டியோர் ஜாகீர்தார்களே. மலையாளிக் குடிகள் ஏருக்கும் மண்வெட்டிக்கும் வரி இறுத்தனர். கூலியின்றி உழைக்கவும் நேர்ந்தது.

1947 ஆகஸ்டு 15-இல் சமவெளியெங்கும் கொடி ஏறிற்று. 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டமும், 1963-இல் இனாம் ஒழிப்புச் சட்டமும் பிறந்தன. ஜாகீர்தார்கள் நீதிமன்றம் ஏறினர், வழக்கு நீண்டது. 1976-இலேதான் மலை அரசின் நேர் ஆட்சியுள் வந்தது. அதற்குள் ஆப்பிரிக்கக் கண்டத்தில் கானா 1957-இலும், கென்யா 1963-இலும், அங்கோலா 1975-இலும் தனியரசுகளாயின. கடலுக்கு அப்பால் அத்தனை நாடுகள் விடுதலை பெற்ற பின்னரே, நம் கண்ணெதிரே நிற்கும் மலைக்கு விடிந்தது. இடைப்பட்ட ஆண்டுகள் 29.

இதற்குக் காரணம் யாது? அயலார் ஆட்சி நீங்குதல் ஒன்று. அவ்வாட்சி தன் வசதிக்காக இடையில் விட்டு வைத்த அதிகாரம் நீங்குதல் மற்றொன்று. முன்னது ஓர் இரவில் நிகழக்கூடும். பின்னதற்கோ நில அளவையும் பட்டாவும் வேண்டும். பள்ளியும் மருத்துவமனையும் சாலையும் வேண்டும். 2024-இல் சென்னை உயர்நீதிமன்றம் இம்மலை மக்களின் வாழ்நிலையைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டமை, அப்பணி முற்றுப்பெறவில்லை என்பதற்குச் சான்றாம்.

யாமும் பல்லாண்டுகள் வகுப்பில் 1947 என்று மட்டுமே கற்பித்தோம். மலையினின்று வந்து எம் முன் அமர்ந்த பிள்ளைகள், தம் பாட்டனார்க்கு அவ்வாண்டில் யாது வந்தது என்று எம்மை வினவவில்லை. வினவியிருப்பின் விடை கூற அறியாதிருந்தோம். இனியேனும் அவ்வாண்டுடன் 1976-ஐயும் சேர்த்துக் கூறுதல் எம் கடன். அன்பர்களும் தத்தம் இல்லத்துச் சிறார்க்கு இதனை எடுத்துரைப்பாராக. பட்டயம் பெற்றோர் பெருமை மட்டுமன்று, வரி இறுத்தோர் வாழ்வும் வரலாறே.