துருவும் எண்ணெயும்: அடுப்படி இரும்பின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

2025 ஜனவரி 23 அன்று தமிழக முதல்வர் ‘இரும்பின் தொன்மை’ என்னும் ஆய்வு நூலை வெளியிட்டார். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த மாதிரிகளின் காலக்கணிப்பு கி.மு. 3345 வரை போகிறது என்றது அந்நூல். அதற்கு முன் 2022இல் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறைக்குச் சொல்லப்பட்ட கணக்கு கி.மு. 2172. அன்றிலிருந்து நம் மேடைகளில் இரும்பு முழங்கிக்கொண்டிருக்கிறது. காலக்கணிப்பு பற்றித் தொல்லியலாளர்கள் பேசிக்கொள்ளட்டும்; எனக்கு அதில் வழக்கு ஒன்றும் இல்லை. என் கேள்வி வேறு. இரும்பை முதலில் உருக்கியது யார் என்று இவ்வளவு ஆவேசமாகக் கேட்கிற நாம், உருக்கிய இரும்பைத் துருப்பிடிக்காமல் வைத்திருந்தது யார் என்று ஏன் கேட்பதில்லை?

கேள்வி அற்பமாகப் படலாம். இரும்பின் குணத்தைக் கொஞ்சம் யோசித்தால் அப்படித் தோன்றாது. பொன் தன் பாட்டுக்கு இருக்கும். செம்பும் பித்தளையும் களிம்பேறிக் கறுத்தாலும் உள்ளே உலோகம் நிற்கும். இரும்பு நிற்காது. ஈரமும் காற்றும் பட்டால் செந்துரு பூக்கும், பொருக்குப் பொருக்காக உதிரும், உதிர்ந்த இடத்தில் வெளிப்படும் புது இரும்பும் துருவாகும். ஆகவே ஒரு வீட்டில் இரும்புச் சாமான் ஒன்று முப்பது வருஷம் இருந்தது என்றால், முப்பது வருஷமும் யாரோ ஒருத்தி அதைத் துடைத்து, காயவைத்து, எண்ணெய் தடவி வந்திருக்கிறாள் என்று அர்த்தம்.

தொல்லியல் இந்த உழைப்பைப் பார்க்க முடியாத இடத்தில் நிற்கிறது. ஆதிச்சநல்லூரில் 1876இல் யாகோர் தோண்டினார். 1899இல் தொடங்கி அலெக்சாண்டர் ரீ தோண்டினார். அவர் எழுதிய பொருட்பட்டியல் 1915இல் அச்சானது. அங்கே கிடைத்தவற்றில் பேசப்படுபவை வாளும் ஈட்டியும். இறந்தவனோடு புதைத்ததனால் அவை நமக்கு மிஞ்சின. சட்டியை யார் புதைப்பார்கள்? அது தேயும்வரை அடுப்பில் கிடக்கும், ஓட்டை விழுந்தால் பழைய இரும்புக்காரன் தராசுக்குப் போகும். ‘பேரீச்சம்பழத்துக்குப் போட்டாச்சு’ என்று நாம் கேலியாகச் சொல்கிற இடம் அது. அங்கிருந்து மறுபடி உலைக்குள். போருக்கான இரும்பு மண்ணுக்குள் ஆவணமாயிற்று. சோற்றுக்கான இரும்பு உருகி அடையாளம் இழந்தது. இலக்கியத்தின் கதையும் ஏறக்குறைய இதுதான். புறநானூற்றின் 312ஆம் பாட்டில் பொன்முடியார் கொல்லனுக்கு விதிக்கும் கடமை வேல் செய்து தருவது. அதே கொல்லன் அடித்த கரண்டிக்கும் அரிவாள்மணைக்கும் பாட்டில் இடம் இல்லை.

2

விருதுநகரிலிருந்து சிவகாசி போகிற சாலையில் இருக்கிறது ஆமத்தூர். இந்தப் பக்கத்தில் எண்ணெய் காய்கிற பாத்திரத்துக்கு இருப்புச்சட்டி என்று பேர். திருச்சி, செட்டிநாட்டுப் பக்கம் அது இலுப்பச்சட்டி ஆகும்; கொங்கில் வடச்சட்டி; தஞ்சையில் வாணலி. தோசை வார்ப்பது மட்டும் எங்கும் கல்தான். பொருள் இரும்புத் தகடு, பேர் கல். அந்தத் தகட்டைக் கார்பன் எஃகு என்கிறது உலோகவியல்: இரும்போடு ஒரு சதவீதத்தின் சிறு பங்கு கார்பன் சேர்ந்தது. வார்ப்பு இரும்பில் இரண்டு முதல் நான்கு சதம் வரை கார்பன் இருக்கும். கீழே போட்டால் விரிசல் விடும். தகடு விரியாது. ஆனால் இரண்டுமே துருப்பிடிக்கும்.

புதுக்கல்லை வாங்கி வந்த அன்றைக்கே யாரும் தோசை வார்ப்பதில்லை. ‘கல்லைப் பழக்கணும்’ என்பார்கள். கடையில் துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய மெஷின் எண்ணெயை முதலில் சாம்பலோ சோப்போ போட்டுத் தேய்த்தெடுப்பார்கள். அப்புறம் வடிகஞ்சியிலோ அரிசி கழுவின தண்ணீரிலோ, தினமும் மாற்றி மாற்றி, இரண்டு மூன்று நாள் ஊறும். புளியைப் போட்டு ஒரு தேய்ப்பு. ஈரம் போகும்வரை அடுப்பில் சூடு. நல்லெண்ணெயை மெல்லிசாகத் தடவி, லேசாகப் புகைகிற வரைக்கும் காயவிட்டு, ஆறவிட்டு, மறுபடி தடவி, மறுபடி காயவிட்டு. வெங்காயத்தைப் பாதியாக நறுக்கி எண்ணெயில் தொட்டுத் தேய்ப்பார்கள். முதல் நாலைந்து தோசை பிய்ந்துதான் வரும். ஒரு நாள் ஓரம் தானாகக் கிளம்பும். ‘கல்லு பழகிருச்சு’ என்பார்கள்.

இதில் மூடநம்பிக்கை ஒன்றும் கிடையாது. புளியின் அமிலம் துருவைக் கரைக்கிறது. எண்ணெய் சூட்டில் ஆக்சிஜனோடு சேரும்போது அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு அரக்குப் போன்ற கெட்டிப் படலமாகின்றன; அது எண்ணெயாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. அதனால்தான் மெல்லிசாகத் தடவச் சொல்கிறார்கள். தடிமனாக ஊற்றினால் உள்ளே வேகாமல் பிசுக்காகத் தங்கிவிடும். எல்லா எண்ணெயும் இப்படிக் கோத்துக்கொள்ளாது. நல்லெண்ணெயில் சுமார் 40 சதம் லினோலிக் அமிலம். படலம் கட்டுவதற்கு அது தோது. தேங்காயெண்ணெய் பெரும்பகுதி நிறைகொழுப்பு, பளபளக்கும், பிடிக்காது. எண்ணெய் வணிகத்துக்குப் பேர்போன விருதுநகரைச் சுற்றி நல்லெண்ணெயே கைக்கு வந்தது ஊர்ச் சந்தையின் தற்செயலாக இருக்கலாம். ஆனால் அதையே பிடித்துக்கொண்டது அனுபவத்தின் தேர்வு.

பராமரிப்புக்கும் விதிகள் உண்டு. கழுவிய கல்லை ஈரத்தோடு சாய்த்து வைக்கக் கூடாது. அடுப்பில் காட்டி ஈரம் போக்கி, ஒரு சொட்டு எண்ணெயைத் துணியில் தொட்டுத் தடவ வேண்டும். புளிக்குழம்பை இருப்புச்சட்டியில் ராத்திரி முழுக்க விட்டால் அமிலம் படலத்தை அரிக்கும். அப்படியும் துரு ஏறிவிட்டால் கல் செத்துப்போவதில்லை. தேய்த்துவிட்டு முதலிலிருந்து பழக்கலாம்.

‘பழக்குதல்’ என்ற இந்தச் சொல்லைச் சும்மா விட முடியாது. கன்றை ஏருக்குப் பழக்குகிறோம், குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்குப் பழக்குகிறோம், வீட்டுக்கு வந்த மருமகளை வீட்டுக்குப் பழக்குகிறோம். அதிகாரத்தின் சொல் அது. புதுக்கல்லைப் பழக்குகிற வேலை பெரும்பாலும் புது மருமகள் தலையில்தான் விழுந்தது. தான் பழக்கப்பட்டுக்கொண்டே இன்னொன்றைப் பழக்குகிறவள் அவள். ‘இதெல்லாம் ஒரு வேலையா’ என்று கேட்பதற்கு வீட்டில் எப்போதும் ஆள் உண்டு. விருதுநகர் பொரிச்ச பரோட்டாக் கடைகளில் எண்ணெய் தேங்கி நிற்கிற பெரிய கல்லுக்கு முன்னால் நிற்கும் ஆணுக்கு ‘மாஸ்டர்’ என்று பட்டமும் சம்பளமும் இருக்கிறது. வீட்டுக்கல்லைப் பழக்கியவளுக்குப் பட்டமும் இல்லை, சம்பளமும் இல்லை. கடைக்கல்லோ நாள் முழுக்கச் சூட்டிலும் எண்ணெயிலும் கிடப்பதால் தன்னால் பழகிக்கொள்ளும். கஷ்டம் வீட்டுக்கல்லுக்குத்தான்.

3

ஏன் கஷ்டம்? இந்த இடத்தில் உணவின் அரசியலுக்கு வந்தாக வேண்டும்.

கரிசல் காட்டில் அன்றாடச் சாப்பாடு கம்பும் சோளமும் கேப்பையும். நெல்லுச்சோறே விசேஷம், தோசை இன்னும் விசேஷம். கூலிக்கும் சம்சாரிக்கும் அது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருகிற பண்டம். அப்படியானால் கல்லும் வருஷத்துக்கு ஒன்றிரண்டு நாள்தான் அடுப்பேறும். தினமும் எண்ணெய் காணும் இரும்பு தன்னைத் தானே காத்துக்கொள்ளும். வருஷத்துக்கு ஒருமுறை காணும் இரும்புதான் துருவுக்குப் பலி. தீபாவளி வருவது ஐப்பசியில். அதன் தலையிலேயே வடகிழக்குப் பருவமழை. தோசை சுட்ட கையோடு எண்ணெய் தடவித் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றாவிட்டால் கார்த்திகை முடிவதற்குள் கல் சிவந்துவிடும். நான் சொல்ல வந்தது இதுதான்: கல்லைக் காக்கிற நுட்பம் செழித்த சமையலறையின் சொத்து இல்லை. வருஷம் முழுக்கத் தோசை தின்ற வீட்டுக்கு அந்த நுட்பம் அவ்வளவாகத் தேவைப்படவும் இல்லை. பற்றாக்குறைதான் அதைக் கூர்மையாக்கியது.

கல் வந்த வழியிலும் ஒரு முறிவு இருக்கிறது. சேலம், கோவைப் பகுதிகளில் சிற்றுலைகளில் மரக்கரியிட்டு இரும்பு எடுத்ததை 1800–01இல் பயணம் செய்த புக்கானன் பதிவு செய்திருக்கிறார். 1830 வாக்கில் ஹீத் பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய முறை ஆலை வைத்தார். காடுகள் கரியாயின, ஆலை நிலைக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பலில் இறங்கிய மலிவான சீமை இரும்பு உள்ளூர் உலைகளை அவித்தது. கொல்லன் இரும்பு எடுக்கிற தொடர்பை இழந்து, வந்த இரும்பை அடிக்கிறவன் ஆனான். உருக்குகிற அறிவு அறுந்த இந்தக் காலத்தில்கூட காக்கிற அறிவு அறுபடவில்லை. அது உலையில் இல்லாமல் அடுப்படியில் இருந்ததுதான் காரணம். ஆனால் ‘தொன்மை’ பேசும் கதையாடலில் முதல் அறிவுக்கு மட்டுமே மரியாதை.

தோசை அன்றாடமானது வெகு பிந்தி. 2008இல் ரேஷனில் கிலோ ஒரு ரூபாய் அரிசி, 2011இல் விலையில்லா அரிசி, அதே ஆண்டு விலையில்லாக் கிரைண்டர். இவற்றை இலவசம் என்று பரிகாசம் செய்கிறவர்கள் ஆமத்தூர்ப் பக்கத்து வீடு ஒன்றின் தோசைக்கல்லைப் பார்க்க வேண்டும். பரணிலிருந்து இறங்கிய கல் மறுபடி பரண் ஏறவில்லை. அதன் கறுப்பில் ரேஷன் கடைக்கும் பங்கு இருக்கிறது.

4

இந்த வட்டாரத்தில் இரும்புக்கு இன்னொரு முகம் உண்டு. 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடார், சண்முக நாடார் இருவரிடமிருந்து சிவகாசியின் கதையைத் தொடங்குவார்கள். மழை குறைந்த வறண்ட காற்று இத்தொழிலுக்குத் தோதாயிற்று என்பதும் எல்லோரும் சொல்வது. கம்பி மத்தாப்பின் கம்பி இரும்பு. அதிலும் புஸ்வாணத்திலும் பொன்னிறமாகச் சிதறும் பொறி, எரிகிற இரும்புத்தூள். கார்பன் கூடின எஃகுத்தூள் கிளை கிளையாகப் பூக்கும். அந்தத் தூளுக்கும் எதிரி ஈரம்தான். கலவையில் உள்ள உப்புகளோடு ஈரம் சேர்ந்தால் தூள் துருவாகிப் பொறி செத்துவிடும். சில சமயம் கலவையே சூடேறி ஆபத்தாகும். தூளுக்கு முன்கூட்டியே ஆளிவிதை எண்ணெயோ மெழுகோ பூசிவைப்பது வெடிகலையின் பழைய வழி. தோசைக்கல்லில் நடப்பதும் அதுதான்: இரும்பின்மேல் காய்ந்த எண்ணெய்ப் படலம்.

ஆனால் மருந்துக் கொட்டகைக்குள் இரும்புச் சாமானுக்கு அனுமதி இல்லை. 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் வேலை நடக்கும் அறைக்குள் இரும்பு வெளித்தெரியக் கூடாது என்கின்றன. கருவிகள் மரம், பித்தளை, செம்பு. ஒரு உரசலில் பிறக்கும் பொறி போதும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் இந்தச் சாலையோர ஊர்களில் சாவு நின்றதில்லை. காலையில் கல்லைத் துடைத்து எண்ணெய் தடவி வைத்துவிட்டு வேன் ஏறுகிற அதே கை, பகலெல்லாம் மருந்தில். இரும்பின் குணம் அவளுக்கு இரண்டு பக்கமும் தெரியும். ஆலைக் கணக்கில் அவளுக்கு உருப்படிக் கூலி உண்டு. வீட்டுக் கணக்கில் எதுவும் இல்லை. தொழிலாளர் வரலாறு எழுதுகிற தோழர்களும் வேன் ஏறிய பிறகுதான் அவளைப் பார்க்கத் தொடங்குகிறார்கள்.

5

நேரமில்லாத அவளுக்கு ஒட்டாத சட்டி வந்தது நியாயமான விடுதலை. அதைக் கரித்துக்கொட்டுகிறவர்கள் கல் துடைக்காதவர்கள். 1938இல் அமெரிக்காவின் டூபான்ட் ஆய்வகத்தில் பிளங்கெட் கண்ட டெஃப்லான், 1950களில் பிரான்சில் சட்டியேறியது. பழக்க வேண்டாம், எண்ணெய் வேண்டாம். ஆனால் 260 டிகிரிக்கு மேல் அது சிதையத் தொடங்கும். கரண்டி கீறினால் வீட்டில் சரிசெய்ய வழி கிடையாது. அதைச் செய்யப் பயன்பட்ட பிஎஃப்ஓஏ என்னும் வேதிப்பொருளை 2019இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை விலக்குப் பட்டியலில் சேர்த்தது. பழைய கல்லைத் திருத்தும் அதிகாரம் அதைப் பயன்படுத்துகிறவள் கையில் இருந்தது. புதிய சட்டியில் அந்த அதிகாரம் கம்பெனியிடம் போய்விட்டது.

இப்போது சக்கரம் திரும்பியிருக்கிறது. ‘பாரம்பரியம்’ என்று முத்திரை குத்தி, ஏற்கனவே பழக்கிய கல் என்று விலை கூட்டி நகரத்தில் விற்கிறார்கள். அவளுடைய நாலு நாள் வேலைக்கு இப்போது சந்தை விலை உண்டு. அந்த விலை அவளுக்குப் போய்ச் சேருவதில்லை. இரும்புச் சட்டியில் சமைத்தால் ரத்தசோகை போகும் என்பது அடுத்த விளம்பரம். புளிப்பான சமையலில் இரும்பு கொஞ்சம் உணவில் இறங்குவது உண்மை. ஆனால் கல் எவ்வளவு நன்றாகப் பழகுகிறதோ அவ்வளவுக்கு இரும்பு இறங்குவது குறையும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. அதைத் தீர்க்க வேண்டியது கூலியும் சாப்பாடும் மருத்துவமும். அந்தப் பாரத்தைச் சட்டியின் தலையில் ஏற்றிவிட்டு அரசும் சந்தையும் நழுவ முடியாது.

ஐயாயிரம் வருஷத்து இரும்பைப் பற்றிப் பெருமை பேசுவதில் தப்பில்லை. தோண்டாமலே கேட்டறியக்கூடிய ஐம்பது வருஷத்து இரும்பு ஒன்று நம் வீடுகளில் இருக்கிறது. எந்த எண்ணெய், எந்த மாசம், யார் கையில் பழகியது, எப்போது பரண் இறங்கியது, எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போனது என்று கேட்டு எழுதிக்கொள்ள அகழாய்வு அனுமதி தேவையில்லை. பதில் சொல்லக்கூடியவர்களுக்கு இப்போது எழுபது எண்பது வயசு. அவர்கள் போய்விட்டால், நம்மிடம் வாள்களின் வரலாறு மட்டும் மிஞ்சும்.