பிரதான நீரோட்டம் எது?

சோபே நதியில் படகுவீட்டில் தங்கி யானை பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் போட்ஸ்வானாவின் கசானே என்ற சிற்றூரில்தான் வந்து இறங்குகிறார்கள். அங்கே பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி, நாட்டைவிட்டு வெளியே அனுப்புவார்கள். சின்னப் படகில் ஆற்றைக் கடந்தால் நமீபியாவின் குடிவரவு அலுவலகம், இன்னொரு முத்திரை. அதற்குப் பிறகுதான் படகுவீடு. படகு நமீபியாவில் பதிவானது. மறுநாள் காலையில் விலங்கு பார்க்கப் போவதோ எதிரே போட்ஸ்வானாவின் சோபே தேசியப் பூங்காக் கரைக்கு. தூங்குவது ஒரு நாட்டில், யானை பார்ப்பது இன்னொரு நாட்டில்.

நான் இரண்டு இரவு தங்கினேன். பார்த்ததிலேயே மனதில் நின்றது ஒரு தட்டையான புல்தீவு. மரமே கிடையாது. காட்டெருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன. யானைகள் தும்பிக்கையை நீருக்கு மேலே தூக்கிக்கொண்டு அதை நோக்கி நீந்தின. வழிகாட்டி அதற்கு இரண்டு பெயர் சொன்னார். நமீபியர்களுக்குக் கசிகிலி, போட்ஸ்வானாக்காரர்களுக்குச் செடுடு. பரப்பு சுமார் மூன்றரை சதுர கிலோமீட்டர். வருடத்தில் சில மாதங்கள் வெள்ளத்துக்குள் போய்விடும். இந்தத் துண்டு நிலத்துக்காக இரண்டு நாடுகள் ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. ஊர் திரும்பியதும் தீர்ப்பைத் தேடி எடுத்து வாசித்தேன்.

பிரச்சினை 1890 ஜூலை 1ல் தொடங்குகிறது. அன்று பிரிட்டனும் ஜெர்மனியும் ஆப்பிரிக்காவில் தங்கள் பங்குகளைப் பிரித்து ஓர் ஒப்பந்தம் போட்டன. ஹெலிகோலாந்து-சான்சிபார் ஒப்பந்தம் என்று வரலாற்றில் பெயர். தென்மேற்கு ஆப்பிரிக்காவை வைத்திருந்த ஜெர்மனி, ஸாம்பேஸி நதியைத் தொட ஒரு வழி கேட்டது. எந்த இடத்திலும் 20 ஆங்கில மைலுக்குக் குறையாத அகலத்தில் ஒரு பட்டை நிலம் கிடைத்தது. அன்றைய ஜெர்மன் சான்சலர் லியோ வான் கேப்ரிவியின் பெயரால் அது கேப்ரிவிப் பட்டை ஆனது. இன்றைய உலக வரைபடத்திலும் நமீபியாவின் வடகிழக்கு மூலையிலிருந்து ஒரு விரல் நீண்டிருப்பதைப் பார்க்கலாம். அந்த நதி வழியாகக் கடலுக்குப் போகவும் முடியாது. கீழே விக்டோரியா அருவி, 108 மீட்டர். லிவிங்ஸ்டன் அதை 1855லேயே பார்த்து எழுதியும் ஆயிற்று.

பட்டையின் தெற்கு எல்லையில் ஒரு பகுதி சோபே நதி. எல்லைக்கோடு அதன் பிரதான நீரோட்டத்தின் நடுவே ஓடும் என்று ஆங்கிலப் பிரதி சொன்னது. ஜெர்மன் பிரதியில் தால்வெக் என்ற சொல் இருந்தது. ஆற்றின் ஆழமான தடம் என்று அதைப் புரிந்துகொள்ளலாம். சரி, ஆறு ஒரு தீவைச் சுற்றி இரண்டாகப் பிரிந்தால் எது பிரதானம்? வடக்குக் கிளை என்றால் தீவு போட்ஸ்வானாவுடையது. தெற்குக் கிளை என்றால் நமீபியாவுடையது. சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இந்த வலி பழக்கம்தான். ஸ்பெக்கில் ஒரு சொல்லை வரையறுக்காமல் விட்டுவிடுவார்கள். எழுதியவர் போய்விடுவார். யாரோ பின்னால் வந்து கட்டிக்கொண்டு அழ வேண்டும்.

சோபே அப்படி எளிதில் கோட்டுக்குள் அடங்கும் ஆறும் இல்லை. அங்கோலாவில் பிறக்கும்போது அதன் பெயர் குவாண்டோ, வழியில் லின்யாண்டி, கடைசியில் சோபே. ஸாம்பேஸியில் வெள்ளம் ஏறும் மாதங்களில் அந்தத் தண்ணீர் சோபேக்குள் எதிர்த்து ஏறி, ஆறு பின்னோக்கி ஓடும். பெர்லினில் கோடு போட்டவர்களின் காகிதத்தில் இதற்கெல்லாம் இடமில்லை.

அங்கே வாழ்ந்த சுபியா மக்களுக்கு ஆற்றின் இந்தப் போக்கு நன்றாகத் தெரியும். நீதிமன்றப் பதிவுகளில் மசுபியா என்று வருபவர்கள் இவர்கள்தான். வெள்ளம் வடிந்ததும் வடகரையிலிருந்து தீவுக்குப் போய்ப் பயிர் வைப்பார்கள், வெள்ளம் ஏறும்போது திரும்புவார்கள். பருவத்தோடு போய் வருவதுதான் அவர்களுடைய விவசாயம்.

1947ல் ஒருவர் ஆற்று வழியே மரம் கொண்டுபோக அனுமதி கேட்டார். வடக்குக் கிளையில் படகு விடலாமா, யாரிடம் கேட்பது என்ற கேள்வி எழுந்தது. கேப்ரிவி பக்கத்து அதிகாரி டிரோலப்பும் பெச்சுவானாலாந்து (அன்றைய போட்ஸ்வானா) பக்கத்து அதிகாரி ரெட்மனும் 1948ல் சேர்ந்து போய்ப் பார்த்து ஓர் அறிக்கை எழுதினார்கள். பிரதான ஓட்டம் வடக்குக் கிளைதான் என்றது அது. குறைந்தது 1907 முதல் தீவைப் பயன்படுத்தி வருகிறவர்கள் கேப்ரிவி மக்கள் என்றும், மறுகரை மக்கள் அதைப் பயன்படுத்தியதற்குச் சான்றில்லை என்றும் அதே அறிக்கை சொன்னது. ஒரே காகிதம், இரண்டு பக்கமும் இழுக்கிறது. கடைசியில் இருபுறத்து அதிகாரிகளும் சட்டச் சிக்கலை ஓரம் வைத்து, கனவான்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். விவசாயிகள் பயிர் செய்யட்டும், வடக்குக் கிளை எல்லாருக்கும் பொதுவழி.

அந்த ஏற்பாடு கனவான்கள் இருக்கும்வரைதான். 1966ல் போட்ஸ்வானா விடுதலை பெற்றது. நமீபியா அப்போதும் தென்னாப்பிரிக்காவின் பிடியில். 1984 அக்டோபரில் தெற்குக் கிளையில் படகில் வந்த தென்னாப்பிரிக்க வீரர்களுக்கும் போட்ஸ்வானா படையினருக்கும் இடையே துப்பாக்கிச் சூடு நடந்தது. அடுத்த ஆண்டு கூட்டாக அளந்து பார்த்தார்கள். மறுபடியும் வடக்குக் கிளை. 1990ல் விடுதலை பெற்ற நமீபியா இதை ஏற்கவில்லை. 1992 மே மாதம் இரு நாட்டு அதிபர்களும் கசானேயில் சந்தித்து, சண்டை வேண்டாம், நிபுணர்கள் பார்க்கட்டும் என்று முடிவெடுத்தார்கள். மக்களின் உறவும் மீன்பிடிப்பும் தொடரலாம், வலையை ஆற்றுக்குக் குறுக்கே கட்டக் கூடாது, சுற்றுலாப் பயணிகள் உட்பட எல்லோரும் தடையின்றிப் படகில் போகலாம் என்றது அவர்களுடைய அறிக்கை. நிபுணர்களாலும் தீரவில்லை. 1996ல் வழக்கு ஹேக் போனது.

1999 டிசம்பர் 13 அன்று தீர்ப்பு. 11க்கு 4. எல்லை வடக்குக் கிளையில், தீவு போட்ஸ்வானாவுக்கு. ஆழம், அகலம், ஓட்டம், படகு போகும் வசதி என்று ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். சுற்றுலாப் படகுகள் தெற்குக் கிளையில்தானே அதிகம் போகின்றன என்று நமீபியா வாதிட்டது. அவை அடிப்பக்கம் தட்டையான படகுகள், விலங்குகள் அங்கே இருப்பதால் போகின்றன என்று நீதிமன்றம் அதை ஒதுக்கியது. இதுவரை பொறியாளராகப் படித்த எனக்குப் பெரிய மனத்தாங்கல் இல்லை.

இடறியது அடுத்த பகுதி. எல்லை எங்கே இருந்தாலும், பல பத்தாண்டுகளாக எங்கள் மக்கள் பயிர் செய்த நிலம் இது என்றும் நமீபியா வாதிட்டது. பயிர் செய்ததை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆனால் பருவத்துக்குப் பருவம் தங்கள் தேவைக்காக வந்து போனார்கள், அரசின் பெயரால் வரவில்லை, ஆகவே உரிமை பிறக்காது என்றது. சட்டப்படி சரியாகவே இருக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள்: ஒரு கோட்டை, ஒரு கொடி, ஒரு வரி ரசீது இருந்திருந்தால் கணக்கில் வந்திருக்கும். வெள்ளத்தோடு போய் வெள்ளத்தோடு வரும் வாழ்க்கை கணக்கில் வரவில்லை. எதிர்த்து வாக்களித்த நால்வரில் ஒருவர் இலங்கையின் கிறிஸ்டோபர் வீரமந்திரி, அப்போது நீதிமன்றத்தின் துணைத் தலைவர். தீவின் இயற்கையை இரு நாடுகளும் சேர்ந்து காக்கும் ஏற்பாடு வேண்டும் என்று தன் மாற்றுத் தீர்ப்பில் எழுதினார்.

தீர்ப்பில் ஒருமனதாக ஒரு வரியும் உண்டு. தீவைச் சுற்றிய இரு கிளைகளிலும் இரு நாட்டு மக்களுக்கும் படகுகளுக்கும் சமமான நடத்தை. நமீபியக் கொடி கட்டிய படகில் போனவன் போட்ஸ்வானாவின் தீவை அவ்வளவு பக்கத்தில் பார்க்க முடிந்ததற்குப் பின்னால் இந்த வரி இருக்கிறது. அந்தப் பயணத்தில் யாரும் என்னை நிறுத்தி எதுவும் கேட்கவில்லை.

2020 நவம்பரில் இதே ஆற்றில் போட்ஸ்வானா படையினர் நான்கு பேரைச் சுட்டுக் கொன்றார்கள். மூவர் நமீபியச் சகோதரர்கள், நான்காமவர் அவர்களுடைய உறவினர். வேட்டைக்காரர்கள் என்றது படை. மீன் பிடிக்கப் போனவர்கள் என்றது குடும்பம். யானைத் தந்தத்துக்காகவும் காண்டாமிருகக் கொம்புக்காகவும் ஆயுதத்தோடு வருகிற கும்பல்கள் அங்கே உண்மையிலேயே உண்டு, காவலும் தேவைதான். ஆனால் இரவில் தோணியில் போகிறவன் யார் என்பதை முடிவு செய்வது துப்பாக்கி பிடித்தவனின் கண்.

1992 அறிக்கை மீன்பிடிப்பையும் சுற்றுலாவையும் அடுத்தடுத்துத்தான் வைத்திருந்தது. இரண்டில் எது இன்று பயமில்லாமல் நடக்கிறது என்று பார்த்தால், அந்த ஆற்றில் பிரதான நீரோட்டம் எது என்பது தெரிந்துவிடும்.