கிந்தனார் ஏறிய ரயில்

கல்முனைக் கரையோர முஸ்லிம் ஊர்களின் நாட்டார் கவிகளில் கேலியும் இசையோடுதான் வரும். ஆகவே 1908இல் நாகர்கோவிலில் பிறந்த நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணனின் கலை நமக்கு அந்நியமில்லை. வில்லுப்பாட்டிலும் நாடகக் குழுவிலும் பயின்ற அவர், நகைச்சுவைப் பாட்டைச் சமூக விமர்சனமாக்கினார். வலுவான சான்று, ‘நல்லதம்பி’ (1949) படத்தின் கிந்தனார் காலட்சேபம். அது நந்தனார் கதையின் பகடி. சிவபக்தர் நந்தனார் தில்லைக் கோயிலைக் காண ஏங்கினார். ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவன் கிந்தனோ படிப்புக்காக ரயிலேறிப் பட்டணம் போகிறான்.

இது பிரசாரம், கலையன்று என்பாருண்டு. ஆனால் பக்தர்கள் பழகிய காலட்சேப முறை குலையாமல் நிற்பதால்தான் அந்தக் கேலி தைக்கிறது. இசையை நீக்கினால் மிஞ்சுவது வெறும் அறிவுரை. பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944இல் கைதாகி, 1947இல் விடுதலையானவர் அவர். சிறை மீண்ட பிறகும் கசப்பில்லாமல் இதைப் பாடியதையே அவருடைய பெருஞ்சாதனையாகக் கருதுகிறேன்.