விடுமுறையில் சேர்ந்த சிநேகிதர்கள்

கோடைக்கானலிலிருந்து மேற்கே சுமார் 18 கிலோமீட்டர் போனால் பூம்பாறை. மலைச் சரிவைப் படிப்படியாக வெட்டிப் பூண்டும் உருளைக்கிழங்கும் காரட்டும் போட்டிருக்கிறார்கள். எதிர் வளைவில் நின்று பார்த்தால் ஊர் முழுவதும் உள்ளங்கையில் ஏந்தியதுபோல் தெரியும். நடுவே குழந்தை வேலப்பர் கோயில். இந்த மலைப் பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு என்ற கௌரவம் கூடக் கிடைத்துவிட்டது. ஆனாலும் பூண்டு வாங்க வருகிறவர்களைவிடப் படம் பிடிக்க வருகிறவர்களே அதிகமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

விடுமுறைக் காலத்தில் பூம்பாறை பஸ்ஸில் ஏறியவர்களுக்குத் தெரியும். பாதிக்குமேல் கல்லூரி மாணவர்கள்தாம். ஒருவன் பாடுவான், நாலு பேர் தாளம் போடுவார்கள், ஜன்னலோரத்துக்காகச் சண்டை நடக்கும். கோடைக்கானலின் மேல்புறத்தில், ஏறக்குறைய 7,700 அடி உயரத்தில், வானாராய்ச்சி நிலையத்தின் கும்மட்டங்கள் இருக்கின்றன. பிள்ளைகள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. அதில் குற்றம் ஒன்றுமில்லை. விடுமுறை என்பது சிநேகிதர்களைப் பார்ப்பதற்காக ஏற்பட்டது. கும்மட்டங்களைப் பார்ப்பதற்காக அல்ல.

அந்த நிலையம் பஞ்சத்தில் பிறந்தது என்று சொல்லலாம். 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகுதான், சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் நம் ஊர் மழைக்கும் சம்பந்தம் உண்டா என்று பார்க்க வேண்டும் என்ற எண்ணம் சர்க்காருக்கு வலுத்தது. 1899-ல் நிலையம் ஏற்பட்டது. மழையின் ரகசியம் கிடைக்கவில்லை, வேறொன்று கிடைத்தது. கரும்புள்ளிகளில் வாயுக்கள் உள்ளிருந்து வெளிப்புறமாக ஓடுகின்றன என்பதை 1909-ல் எவர்ஷெட் என்ற ஆங்கிலேயர் இந்த மலையிலிருந்து கண்டுபிடித்தார். உலகத்துப் பாடப் புத்தகங்களில் இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது.

ஆனால் கோடைக்கானல் பார்த்தது சூரியனுடைய முகத்தை. நட்சத்திரத்தின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது, அதன் நெருப்பு அணைந்த பிறகு அது என்ன ஆகும் என்று கேட்ட ஒரு சென்னை மாணவனுக்கு, ஏறிப் பார்க்க இங்கே மலை இல்லை. அவன் ஐரோப்பாவுக்குப் போனான். அங்கே அவன் கற்றதில் பெரும் பங்கு விடுமுறைகளில் கற்றது. அவனுக்குக் கிடைத்த சிநேகிதர்களும் விடுமுறைகளில் கிடைத்தவர்களே.

சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910-ல் லாகூரில் பிறந்தவர். தகப்பனார் ரயில்வே கணக்கு இலாகாவில் பெரிய உத்தியோகஸ்தர். சி. வி. ராமன் சிற்றப்பா. சந்திரசேகர் படித்தது சென்னை மாநிலக் கல்லூரியில். 1928-ல் ஜெர்மனியிலிருந்து ஸோம்மர்பெல்ட் என்ற பேராசிரியர் சென்னைக்கு வந்தபோது, பதினெட்டு வயதுப் பையன் அவர் தங்கியிருந்த ஓட்டலுக்கே போய்ப் பார்த்தான். நீ படித்திருக்கிற பௌதிகமெல்லாம் பழசாகிவிட்டது என்று அவர் சொல்லிவிட்டார். வேறு பையனாக இருந்தால் வீட்டுக்கு வந்து படுத்திருப்பான். இவன், அவர் கொடுத்த அச்சாகாத கட்டுரையின் புரூப் தாள்களை வாங்கிக்கொண்டு வந்து, அதை வைத்துத் தானே ஒரு கட்டுரை எழுதி லண்டனில் பிரசுரமாகும்படி செய்தான். அடுத்த வருஷம் ஹைஸன்பர்க் வந்தபோது அவருக்குச் சென்னையைச் சுற்றிக் காட்டும் வேலை இவனுக்குக் கிடைத்தது.

சர்க்கார் உபகாரச் சம்பளம் கொடுத்தது. தாயார் சீதாலட்சுமி அப்போது கடும் நோயாளி. இப்ஸனுடைய 'பொம்மை வீடு' நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்த அம்மாள் அவர். மகன் தயங்கினான், தன் பொருட்டு அவன் நின்றுவிடக் கூடாது என்று அந்த அம்மாள்தான் பிடிவாதமாகச் சொல்லி அனுப்பினார். 1930 ஜூலை 31 அன்று பம்பாயில் கப்பல் ஏறினான். ஏடன் வரையில் மழைக்காலத்துக் கடல் கப்பலை ஆட்டி எடுத்தது. பிறகு கடல் அடங்கியது. மேல்தளத்து நாற்காலியில் உட்கார்ந்து காகிதமும் பென்சிலும் எடுத்தான்.

அந்தக் கணக்கைக் கல்லூரியில் இரண்டு வருஷத்துக்குமேல் தாக்குப் பிடிக்காத நான் எனக்குத் தெரிந்த மட்டில் சொல்கிறேன். நெருப்பு அணைந்த நட்சத்திரம் தன் பாரத்தாலேயே உள்ளே அமுங்கும். அதைத் தாங்குவது எலெக்ட்ரான்கள், பந்தலைக் கால்கள் தாங்குவது போல. பாரம் எவ்வளவு ஏறினாலும் கால்கள் ஊன்றிக்கொண்டு நின்றுவிடும் என்பது கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பௌலர் 1926-ல் போட்ட கணக்கு. எலெக்ட்ரான்களின் வேகத்துக்கு ஐன்ஸ்டீனுடைய விதியையும் சேர்த்துப் பார்த்தான் இந்தப் பையன். ஓர் அளவுக்குமேல் பாரம் ஏறினால் கால்கள் தாங்கா என்று வந்தது. சூரியனைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு என்று இன்று சொல்கிறார்கள். அதற்குமேல் கனமுள்ள நட்சத்திரம் எங்கே போய் நிற்கும்? காகிதத்தில் பதில் இல்லை. கப்பலைவிட்டு இறங்கி, ஆகஸ்டு 19-ந் தேதி அவன் லண்டன் போய்ச் சேர்ந்தபோது வயது பத்தொன்பது.

கேம்பிரிட்ஜில் பாடம் நடப்பது வருஷத்தில் பாதிக்கும் குறைவான நாட்கள்தாம். எட்டு எட்டு வாரமாக மூன்று பருவங்கள். கிறிஸ்துமஸுக்கு ஒரு விடுமுறை, ஈஸ்டருக்கு ஒன்று, கோடையில் நீண்ட விடுமுறை ஒன்று. வெள்ளைக்கார மாணவர்கள் வீட்டுக்குப் போவார்கள். அல்லது கும்பலாகக் கிளம்பிப் பாரிஸ், ரோமாபுரி என்று சுற்றுவார்கள். சென்னைக்காரன் எங்கே போவான்? கேம்பிரிட்ஜில் முதல் வருஷம் முழுவதும் அவன் தனியாகவே இருந்தான். உலகத்தின் பெரிய மூளைகள் நடமாடும் முற்றங்களில், தன் மூளை எம்மாத்திரம் என்ற பயமும் பிடித்துக்கொண்டது. 1931 மே மாதத்தில் அம்மா போய்விட்டாள் என்ற செய்தி வந்தது.

அந்தக் கோடையில்தான் அவர் ஜெர்மனிக்குப் புறப்பட்டார். (இனி அவரைப் பையன் என்று அழைப்பது மரியாதையாகாது.) காட்டிங்கன் சிறிய ஊர். மாக்ஸ் போர்ன் அங்கே பேராசிரியர். டெல்லரைப் போலவும் ரோஸன்ஃபெல்டைப் போலவும், ஏறக்குறையத் தம் வயதுள்ள இளைஞர்களை அவர் சந்தித்தது அங்கேதான். கேம்பிரிட்ஜில் அறிமுகம் இல்லாதவரோடு பேசுவதே அநாகரிகம். இங்கே இளைஞர்கள் நடந்துகொண்டே வாதாடினார்கள்.

அடுத்த வருஷம் ஒரு விடுமுறையோடு நிற்கவில்லை. டிராக் சொன்ன யோசனையின்படி, 1932-ன் பிற்பகுதியில் கோபன்ஹேகனுக்குப் போய் 1933 மே வரையில் அங்கேயே இருந்துவிட்டார். அங்கே நீல்ஸ் போர். முன்னே சொன்னவர் போர்ன், இவர் போர்; இருவரும் யுத்தத்துக்குச் சம்பந்தமில்லாத சாதுக்கள். தமிழ் எழுத்துத்தான் அவர்களைப் படாதபாடு படுத்துகிறது. நீல்ஸ் போருடைய நிலையத்தில் டெல்ப்ரூக், பிளாஸெக், வைஸ்கோப், மறுபடியும் ரோஸன்ஃபெல்ட். யாரும் யாரையும் ஸார் போட்டு அழைப்பதில்லை. கடைசி வரை சைவச் சாப்பாட்டைக் கைவிடாத நமது ஐயர்வீட்டுப் பிள்ளைக்கு ஐரோப்பாவில் முதன்முதலாக வீடு மாதிரி இருந்தது அந்த ஊர். டிராக் கொடுத்த ஒரு கணக்கை அங்கே போட்டு, அதில் பிழை இருப்பது பிறகு தெரியவந்தது. ஆராய்ச்சியாக அது நஷ்டம். மற்றபடி லாபம். 1933 பிப்ரவரியில் பெல்ஜியத்தில் உள்ள லியேஜ் நகரத்தில் அவரைப் பிரசங்கம் செய்யக் கூப்பிட்டார்கள்.

அந்தக் கும்பல் அதிக நாள் சேர்ந்து இருக்க முடியவில்லை. 1933 ஜனவரியில் ஹிட்லர் பதவிக்கு வந்தார். சில மாதங்களுக்குள் மாக்ஸ் போர்ன் யூதர் என்பதற்காகக் காட்டிங்கனில் வேலை இழந்து, கேம்பிரிட்ஜுக்கே வந்து சேர்ந்தார். டெல்லரும் வெளியேறினார். டெல்ப்ரூக்கும் வைஸ்கோப்பும் 1937-ல் அமெரிக்காவுக்குப் போனார்கள். 1934 கோடையில் சந்திரசேகர் ருஷ்யாவுக்குப் போய் லெனின்கிராடையும் மாஸ்கோவையும் பார்த்தார். உம்முடைய கணக்கை அரைகுறையாக விடாதே, எல்லா நட்சத்திரங்களுக்கும் பொருந்தும்படி முழுவதும் போட்டு முடி என்று அங்கே ஆம்பார்ட்சூமியன் என்ற இளைஞர் தூண்டிவிட்டார். லெனின்கிராடுக்கு அருகே புல்கோவோ வானாராய்ச்சி நிலையம். அதன் தலைவர் கெராஸிமோவிச். 1937-ல் ஸ்டாலினுடைய ஆட்சி அவரைச் சுட்டுக் கொன்றது. வேறு எந்தச் சுற்றுலாக் கதையிலும் நண்பர்கள் இப்படி மறைய மாட்டார்கள்.

இதற்கிடையில் 1933 அக்டோபரில் டிரினிடி கல்லூரி அவரைப் பெல்லோவாகத் தேர்ந்தெடுத்தது. ராமானுஜத்துக்குப் பிறகு அந்தப் பதவி பெற்ற இந்தியர் அவரே. கிடைக்காது என்று தீர்மானித்து, மூட்டை முடிச்சுகளோடு ஊரைவிட்டுக் கிளம்பியவர், போகிற வழியில் எதற்கும் பார்த்துவிடலாம் என்று கல்லூரிக்குப் போய், விளம்பரப் பலகையில் தம் பெயரைக் கண்டாராம்.

ருஷ்யாவிலிருந்து திரும்பியவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து கணக்கை முழுவதும் போட்டார். அந்த நாட்களில் அடிக்கடி அறைக்கு வந்து, எவ்வளவு தூரம் ஆயிற்று என்று விசாரித்துக்கொண்டிருந்தவர் எடிங்டன். 1919 கிரகணத்தில் ஐன்ஸ்டீன் சொன்னது சரி என்று காட்டியவர். நட்சத்திர சாஸ்திரத்தில் அவர் வைத்ததே சட்டம். கணக்குப் போடும் யந்திரம் ஒன்றுகூட அவர்தான் ஏற்பாடு செய்து கொடுத்தார். 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் ராயல் வானசாஸ்திர சங்கத்தில் சந்திரசேகர் தம் முடிவைப் படித்தார். அவருக்குக் கூடுதல் நேரம் கொடுக்கும்படி சங்கத்தாரிடம் சொல்லி வைத்தவரும் எடிங்டனே. அடுத்தபடியாக அவரே எழுந்தார். நட்சத்திரம் இப்படி அசட்டுத்தனமாக நடந்துகொள்வதைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தே தீர வேண்டும் என்றார். சபை சிரித்தது. மாதக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர், இதைச் சொல்லப்போகிறேன் என்று ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லவில்லை.

எனக்கு இந்த இடத்தில் எடிங்டன் மேல் வருகிற கோபத்தைவிட, சிரித்த சபையின் மேல் வருகிற கோபம் அதிகம். எடிங்டனாவது தாம் சொன்னதை நம்பினார்.

சந்திரசேகர் உடனே கடிதம் எழுதியது யாருக்கு? கோபன்ஹேகனில் இருந்த ரோஸன்ஃபெல்டுக்கு. பதில் விரைவில் வந்தது. எடிங்டன் சொல்வதில் எங்களுக்கு அர்த்தம் ஒன்றும் தெரியவில்லை. போரும் அப்படியேதான் நினைக்கிறார். கவலைப்படாதே என்பது அதன் சாரம். பௌலியும் சந்திரசேகர் பக்கமே. சிநேகிதர்கள் ஒருவர்கூட அவரைத் தவறு என்று சொல்லவில்லை. அப்படியானால் அதைப் பகிரங்கமாக ஒரு வரி எழுதிக் கொடுங்கள் என்று கேட்டபோதுதான் சங்கடம் வந்தது. இது எங்கள் துறை அல்ல. எடிங்டனோடு எங்களுக்கு என்ன வியாஜ்யம் என்று அவரவர் ஒதுங்கிக்கொண்டார்கள். அதே 1935 ஜூலையில் பாரிஸில் சர்வதேச வானசாஸ்திர மகாநாடு. எடிங்டன் ஒரு மணி நேரம் பேசினார். எழுந்து பதில் சொல்ல சந்திரசேகருக்கு அனுமதி கிடைக்கவில்லை. எடிங்டன் தவறு என்று டிராக் முதலிய மூவர் கட்டுரை எழுதி வெளியிட்டது 1942-ல். அதற்குள் ஏழு வருஷம் ஓடிவிட்டது.

அவர்களைக் கோழைகள் என்று நான் எழுதத் தயாராக இல்லை. பாதிப் பேர் உயிரையும் புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு தேசம் தேசமாக ஓடிக்கொண்டிருந்த காலம் அது. நட்சத்திரத்துக்குக் கால் முறியுமா முறியாதா என்பதற்காகக் கேம்பிரிட்ஜ் பெரியவரோடு யார் மல்லுக்கட்டுவார்கள்? ஆனாலும் அந்தக் கடிதம் இல்லாவிட்டால், இருபத்து நான்கு வயதில், சபை முழுவதும் சிரித்த இரவில், தாம் போட்ட கணக்கைத் தாமே சந்தேகித்திருக்க மாட்டாரா? கோபன்ஹேகன் மாதங்கள் அவருக்குச் சம்பாதித்துக் கொடுத்தது அந்த ஒரு கடிதத்தை. அதற்குமேல் கொடுக்கவில்லை.

1936-ல் ஊருக்கு வந்து, மாநிலக் கல்லூரியில் தம்மோடு படித்த லலிதாவை மணந்துகொண்டார். 1937-ல் அமெரிக்காவில் வேலை ஏற்றுச் சிகாகோ சர்வகலாசாலையிலேயே கடைசி வரை இருந்தார். தம் நட்சத்திரக் கணக்கையெல்லாம் 1939-ல் ஒரு புத்தகமாக எழுதி வைத்துவிட்டு வேறு துறைக்குப் போய்விட்டார். நோபல் பரிசு வந்தது 1983-ல். கால் முறிந்த நட்சத்திரம் எங்கே போகும் என்ற கேள்விக்குக் கருந்துளை என்று அதற்குள் உலகம் பெயர் வைத்திருந்தது.

எடிங்டனோடு மட்டும் அவர் பேச்சை முறித்துக்கொள்ளவே இல்லை. கேம்பிரிட்ஜில் இருந்தவரையில் இருவரும் சேர்ந்து விம்பிள்டன் டென்னிஸ் பார்க்கப் போனார்கள், சைக்கிள் விட்டார்கள். எடிங்டனுக்கு ஒரு விசித்திரமான கணக்கு உண்டு. ஐம்பது நாட்கள், ஒவ்வொரு நாளும் ஐம்பது மைலுக்குக் குறையாமல் சைக்கிள் விட்டிருந்தால் ஒருவனுடைய எண் ஐம்பது. அறுபது ஆக வேண்டுமானால் அறுபது மைல் நாட்கள் அறுபது சேர வேண்டும். வயது ஏற ஏற அந்த எண்ணை ஒன்று உயர்த்துவதே பெரும்பாடு. சந்திரசேகர் அமெரிக்கா போன பிறகும் எடிங்டன் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். தம் சைக்கிள் எண் அப்போது எவ்வளவு என்பதையும் அதில் தெரிவிப்பார்.