பிறக்கும் குழந்தை ஆணா, பெண்ணா? நிகழ்தகவு காட்டும் கணக்கு

தாடிக்கொம்பு, அகரம் சுற்றுவட்டாரங்களில் கர்ப்பிணிப் பெண்களுக்கான பரிசோதனை நாளன்று மருத்துவரிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "முதல் இரண்டும் பெண் குழந்தைகள்; மூன்றாவது நிச்சயம் ஆண்தானே?" என்பதே அது. பெரும்பாலும் கேட்பவர் கர்ப்பிணி அல்லர். உடன் வந்த மாமியாரோ கணவரோதான். இக்கேள்விக்கு விடையளிக்க ஸ்கேன் தேவையில்லை. பள்ளிக் கணிதப் பாடத்தில் இடம்பெறும் நிகழ்தகவு போதுமானது.

ஒரு நிகழ்வு நூறு முறை வாய்ப்புப் பெற்றால் ஏறத்தாழ எத்தனை முறை நடக்கும் என்பதைக் கூறும் எண்ணே நிகழ்தகவு. பூவா தலையா பார்க்கும்போது பூ விழும் வாய்ப்பு நூற்றுக்கு 50. குழந்தைப் பிறப்பு இதற்கு மிக அருகில் உள்ளது. ஆனால் முழுவதும் சமம் அன்று. குறுக்கீடு இல்லாத நிலையில் 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 105 ஆண் குழந்தைகள் பிறப்பது உலகின் பெரும்பாலான நாடுகளில் காணப்படும் இயற்கை விகிதம். அதாவது ஒவ்வொரு பிறப்பிலும் ஆண் குழந்தைக்கான வாய்ப்பு நூற்றுக்கு 51, பெண் குழந்தைக்கு 49. ஆயிரம் ஆண்களுக்கு இத்தனை பெண்கள் எனும் நம் வழக்கப்படி கூறினால் 952.

இந்தச் சிறு வேறுபாட்டைக் கணக்கிட்டு ஆராய்ந்தவரும் ஒரு மருத்துவரே. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் ஆர்பத்நாட் 1629 முதல் 1710 வரையிலான 82 ஆண்டுகளின் இலண்டன் ஞானஸ்நானப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார். ஓர் ஆண்டு தவறாமல் ஆண் குழந்தைகளே மிகுந்திருந்தனர். இரு பாலுக்கும் வாய்ப்பு சமமாக இருந்தால், 82 முறையும் ஒரே பக்கம் விழுவது நடக்கக் கூடியதன்று என்று அவர் காட்டினார்.

இனி முதற் கேள்விக்கு வருவோம். குழந்தையின் பாலினத்தைத் தீர்மானிப்பது தந்தையின் விந்தணு. அது எக்ஸ் குரோமோசோமைக் கொண்டு வந்தால் பெண், ஒய் குரோமோசோமைக் கொண்டு வந்தால் ஆண். தாயின் கருமுட்டையில் எப்போதும் எக்ஸ் மட்டுமே இருப்பதால், பெண் பிறந்ததற்குத் தாயைக் குறைகூறுவதற்கு மருத்துவ அடிப்படை ஏதுமில்லை. ஒவ்வொரு கருத்தரிப்பிலும் இந்தத் தேர்வு புதிதாக நடைபெறுகிறது. முன்னர் பிறந்தவை பெண்களா ஆண்களா என்பதை விந்தணு அறியாது. எனவே இரண்டு பெண்களுக்குப் பின்னரும் சரி, ஐந்து பெண்களுக்குப் பின்னரும் சரி, அடுத்தது ஆணாக இருக்கும் வாய்ப்பு அதே 51தான்.

"அப்படியானால் தொடர்ந்து மூன்று பெண்கள் பிறப்பது அரிதல்லவா?" என்று கேட்கலாம். தொடர் நிகழ்வுகளின் வாய்ப்பைப் பெருக்கிக் காண வேண்டும். இரண்டு குழந்தைகள் உள்ள 100 குடும்பங்களை எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ 24 குடும்பங்களில் இருவரும் பெண்கள், 26இல் இருவரும் ஆண்கள், எஞ்சிய பாதியில் ஆணும் பெண்ணும் இருப்பர். மூன்று குழந்தைகள் உள்ள குடும்பங்களில் நூற்றுக்கு 12இல் மூன்றும் பெண்களே. அதாவது அத்தகைய 50 குடும்பங்கள் வாழும் இடத்தில் ஏறத்தாழ ஆறு குடும்பங்களுக்கு இது நேரும். இதைச் சாபம் என்றோ தோஷம் என்றோ கருத இடமில்லை.

ஆண் குழந்தைக்கு மருந்து தருவதாகக் கூறுவோரின் "வெற்றியும்" இதே கணக்கில் அடங்கும். ஒருவர் 100 தம்பதியரிடம் தலைக்கு 5,000 ரூபாய் பெற்றுக்கொண்டு, பெண் பிறந்தால் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் வெறும் சர்க்கரைப் பொடியைக் கொடுத்தாலும் 51 பேருக்கு ஆண் பிறக்கும். 49 பேருக்கு நாணயமாகப் பணத்தைத் திருப்பிக் கொடுத்த பின்னரும் 2,55,000 ரூபாய் அவரிடம் தங்கிவிடும். அந்த 51 குடும்பங்களும் ஊரெங்கும் அவர் பெயரைப் பரப்புவார்கள். மற்றவர்கள் வெளியில் சொல்லமாட்டார்கள். வயிற்றின் வடிவத்தைப் பார்த்துக் குறிசொல்லும் மூதாட்டியும் இரண்டுக்கு ஒன்று சரியாகத்தான் சொல்வார். அவர் பணம் வாங்குவதில்லை என்பது மட்டுமே வேறுபாடு.

பிறப்புப் பதிவேட்டை வாசிப்போருக்கும் இக்கணக்கு தேவைப்படுகிறது. மாதம் 10 பிறப்புகள் பதிவாகும் ஒரு பகுதியில் ஒரு மாதம் மூன்று பெண் குழந்தைகளே பிறந்திருந்தால், அங்கே ஏதோ தவறு நடக்கிறது என்று ஐயம் எழுவது இயல்பு. ஆனால் கணக்கிட்டால், மூன்று அல்லது அதற்கும் குறைவான பெண்கள் பிறப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 19. ஆண்டில் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் தற்செயலாகவே இவ்வாறு அமையும். ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் பிறக்கும் மாதங்களும் ஏறத்தாழ இரண்டு இருக்கும். அவற்றைப் பற்றி எவரும் விளக்கம் கேட்பதில்லை.

ஆண்டு முழுவதற்கும் 120 பிறப்புகள் என்றாலும் பெண்களின் எண்ணிக்கை 48 முதல் 69 வரை எங்கு நின்றாலும் அது பெரும்பாலும் இயல்பே. இதை விகிதமாக மாற்றினால் 667 முதல் 1,353 வரை வரும். ஆகவே ஒரு கிராமத்தின் ஓராண்டு விகிதத்தை மட்டும் கொண்டு பழிப்பதும் பாராட்டுவதும் பொருத்தமன்று. பிறப்புகள் 10,000 ஆகும்போது இந்த இடைவெளி 915 முதல் 991 வரை எனச் சுருங்கிவிடுகிறது. இலட்சங்களை எட்டும்போது தற்செயல் என்ற விளக்கத்திற்கு இடமே இருப்பதில்லை.

தமிழ்நாட்டில் அவ்வாறு இடமில்லாமற்போன எண்கள் இருந்தன. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 0–6 வயதுக் குழந்தைகளின் பாலின விகிதம் மாநில அளவில் 942. சராசரியாகப் பார்த்தால் இயற்கைக்கு அருகில்தான். ஆனால் சேலம் மாவட்டத்தில் அது 851. சிறு வயதில் இயல்பாகவே ஆண் குழந்தைகளின் இறப்பு சற்று மிகுதி என்பதால், விகிதம் பிறப்பின்போது இருந்ததைவிட உயர்ந்திருக்க வேண்டும், தாழ்ந்திருந்தது. பெண் சிசுக்கொலையும், பின்னர் கருவிலேயே கண்டறிந்து அழிப்பதுமே காரணங்கள். 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கப்பட்டதும், 2001இல் மதுரை, தேனி, தருமபுரியுடன் நமது திண்டுக்கல் மாவட்டத்திற்கும் அது விரிவாக்கப்பட்டதும் இதன் பொருட்டே. 2011இல் மாநில விகிதம் 943.

நூற்றுக்கு 24 குடும்பங்களில் இரு குழந்தைகளும் பெண்களாக இருப்பது இயற்கை என்பதை அந்தக் குடும்பங்கள் ஏற்க மறுக்கும் இடத்தில்தான் சட்டவிரோத ஸ்கேன் நுழைகிறது. கருவின் பாலினத்தைக் கண்டறிவதும் தெரிவிப்பதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மருத்துவருக்கு மட்டுமன்றி, பாலினம் அறிய நாடும் கணவர், உறவினர்களுக்கும் மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. கட்டாயப்படுத்தப்பட்டு உட்படும் கர்ப்பிணிக்குத் தண்டனை இல்லை. கணவர் அல்லது உறவினரின் கட்டாயத்தால் வந்தவர் என்றே, வேறுவிதமாக நிரூபிக்கப்படும் வரை, சட்டம் கருதுகிறது.

பாலினம் அறிந்து வருமாறு வற்புறுத்தப்படும் பெண்கள் 181 மகளிர் உதவி எண்ணை அழைக்கலாம். தமது பகுதியின் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் தெரிவிக்கலாம். உடல்நல ஐயங்களுக்கு 104. வளர்க்க இயலாத குழந்தையைப் பற்றிய தகவலுக்கு 1098.